எங்கள் முன்னறையில் ஒரு கம்பனி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் கம்பனிகளுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஆட்களை வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன்னால் அவர்களை நாட்டுப்புறத்து ஹோட்டல் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் வயிறு நிறையச் சாப்பாடு போடுவார்கள். அதற்குப் பயிற்சி முகாம் என்று பெயர்.

நான் அப்போது லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தரமான இன்சூரன்ஸ் கம்பனியில், இழப்பீட்டுப் பிரிவில் குமாஸ்தா. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள், களவு கொடுத்தவர்கள், சமையலறையை எரித்துக்கொண்டவர்கள் எல்லாரும் எங்களுக்கு டெலிபோன் எடுப்பார்கள். அவர்களுக்கு ஏன் பணம் கொடுக்க முடியாது என்பதற்கான காரணத்தைப் பணிவான ஆங்கிலத்தில் கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து கணக்காளர் ஆவதற்கென்று புறப்பட்டு வந்து, கடைசிப் பரீட்சையின் வாசலிலேயே குடியிருந்துவிட்ட எத்தனையோ பேரில் நானும் ஒருவன். ஆகவே அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. பணிவாக மறுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாடு முழுவதும் தொழில்கள் படுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு புதிய இயக்குநர் வந்து சேர்ந்தார். என்னைவிட இளையவர். காற்சட்டையைத் தோளிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிவப்புப் பட்டி அணிந்திருப்பார். இன்சூரன்ஸ் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. முன்னர் ஒரு சப்பாத்துக் கம்பனியில் இருந்தாராம், அதற்கு முன்னர் ஒரு பிஸ்கற் கம்பனியில். இரண்டும் மூடியாகிவிட்டது. "கம்பனிகள் எப்படி மூழ்குகின்றன என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் நான்" என்று முதல் நாளிலேயே பெருமையோடு சொன்னார். மூழ்கும்போது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

நிச்சயமற்ற காலத்தில் ஒரு நிறுவனம் விழுந்தாலும் மீண்டெழ வேண்டும், அந்த மீண்டெழும் குணம் அதன் பண்பாடாகவே ஆகிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வேதம். அதை ஓதுவதற்காகத்தான் எங்களை லண்டனுக்கு வெளியே சரே பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பயிற்சி. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். இப்படி விழுந்து விழுந்து நம்பிக்கை வளருமாம். எனக்குப் பின்னால் நின்றவர் இயக்குநர். நான் சாய்ந்த அதே நேரம் அவருடைய இடுப்பில் இருந்த பேஜர் கத்தியது. நல்ல காலம், கம்பளம் தடிப்பானது. அடுத்ததாக எங்கள் பிரிவின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவர் ஐம்பதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி. சிங்ஃபோர்டில் வயதான தாயோடு இருந்தார். எங்கள் பிரிவில் அவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. ஒருவரையும் நம்பாமல்தான் இவ்வளவு காலமும் இந்த வேலையைச் செய்து வருகிறேன், இந்த வயதில் புதிதாகப் பழக முடியாது என்று சொல்லிவிட்டு அவர் சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார்.

முதுகு நோவோடு வீட்டுக்கு வந்து மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"உதுக்குத் தமிழிலை என்ன?" என்று கேட்டாள்.

"விழுந்தாலும் எழும்புறது எண்டு சொல்லலாம்."

"எழும்பாமல் கிடந்தால் ஆர் சம்பளம் தருவினம்? இதுக்கு ஒரு கிளாசே?" என்று சொல்லிவிட்டு முதுகுக்குத் தைலம் தேட எழுந்து போனாள்.

முகாம் முடிந்த கையோடு இயக்குநர் ஓர் அவசரகாலத் திட்டம் தயாரித்தார். நெருப்பு, புயல், கலவரம் என்று எது வந்தாலும் யார் எங்கே போக வேண்டும், யாருக்கு டெலிபோன் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. சிவப்பு அட்டை போட்ட அந்தத் திட்டத்தைக் கட்டடத்தின் நிலவறையில், நெருப்புப் பிடிக்காத இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். லண்டன் முழுவதும் எரிந்தாலும் நெருப்பு அதைத் தொடாது என்று எங்களுக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு பொய்க்கவில்லை. நெருப்பு அதைத் தொடவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வார இறுதியில் தென்னிங்கிலாந்தில், அதிலும் கென்ற் மாவட்டத்தில், பெரிய காற்று அடித்தது. கூரைகள் பறந்து, மரங்கள் கார்களின் மேல் விழுந்தன. திங்கட்கிழமை எங்களுக்குத் திருவிழாதான் என்று நினைத்துக்கொண்டு நேரத்தோடு போனேன். கம்பனி வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. எங்கள் ஆட்கள் எல்லாரும் நடைபாதையில் நின்றார்கள். இரவு நிலத்தடித் தண்ணீர்ப் பெருங்குழாய் வெடித்து நிலவறை கழுத்தளவுக்கு நிரம்பிவிட்டதாம். கட்டடத்துக்கு மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. ஒரு கிழமைக்கு உள்ளே கால் வைக்க முடியாது என்றார்கள்.

இயக்குநர் குடையும் கையுமாகத் தீயணைப்பு அதிகாரியிடம் தனது சிவப்புத் திட்டத்தை எடுத்துத் தரச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார். நீச்சல் உடுப்புக் கொண்டு வந்திருந்தால் நீங்களே போய் எடுக்கலாம் என்றார் அந்த அதிகாரி.

திட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் சூப்பர்வைசருக்கு ஞாபகம் இருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் குரொய்டனில் இருக்கும் மாற்றுக் காரியாலயத்துக்கு எல்லாரும் போக வேண்டும். அவர் அதைச் சொன்னதும் இயக்குநரின் முகம் ஒரு கணம் மலர்ந்து, பிறகு வாடிவிட்டது. சும்மா கிடக்கிறது, வீண் செலவு என்று குரொய்டன் காரியாலயத்தைப் போன மாதம்தான் அவரே கைவிட்டிருந்தார். அந்தச் சிக்கனத்துக்காக அவருக்குக் கைதட்டலும் கிடைத்திருந்தது. நானும் தட்டினேன்.

ஆட்களின் கூரைகளோ எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிடம் சொன்னால் கம்பனியின் நம்பரை வேறொரு லைனுக்குத் திருப்பிவிடுவார்கள். எந்த லைனுக்கு என்பதுதான் கேள்வி. பக்கத்தில் வசிப்பவர் யாராவது உண்டா என்று இயக்குநர் கேட்டார். பெரும்பாலானவர்கள் எசெக்ஸின் தூரமான மூலைகளில் இருந்து வருபவர்கள். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பெருமை வந்தது.

"வால்தம்ஸ்டோவில் இருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் பக்கம். வீட்டில் இரண்டு லைன் இருக்கிறது" என்றேன்.

சூப்பர்வைசர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அதற்குள் இயக்குநர் என் தோளில் கையைப் போட்டுவிட்டார்.

சாதாரணக் குமாஸ்தா வீட்டில் இரண்டு லைன் எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மேல்மாடியில் என் மனைவியின் தம்பியும் அவனுடைய இரண்டு நண்பர்களும் இருந்தார்கள். அகதிகளாக வந்தவர்கள். மூவருக்கும் பெற்றோல் ஸ்டேஷன்களில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார்கள். மச்சானுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனுடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, ஏஜென்ற் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் நாளுக்காகக் காத்திருந்தாள். கொழும்பில் இருந்து எந்த நேரமும் போன் வரலாம் என்பதற்காக அவர்கள் மூவரும் சேர்ந்து எடுத்ததுதான் அந்த இரண்டாவது லைன். அது மாடிப்படிக்குக் கீழே, நடையில் இருந்தது. அந்த ரிசீவரை வேறு தேவைக்கு யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

தெருமுனை டெலிபோன் பெட்டியிலிருந்து மனைவிக்கு எடுத்தேன்.

"இஞ்சாரும், எங்கட கம்பனி ஆக்கள் கொஞ்சப் பேர் வீட்டை வருகினம்."

"சாப்பாட்டுக்கோ?"

"இல்லை. கம்பனி நடத்த."

 அவள் மூன்று நிபந்தனைகள் சொன்னாள். எல்லாரும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். நடையில் இருக்கும் போனைத் தொடக்கூடாது. மேலே படுத்திருக்கும் பெடியள் எழும்பும்படி சத்தம் போடக்கூடாது. எங்கள் கம்பனியின் பொதுச்சபைக் கூட்டங்களில்கூட இவ்வளவு தெளிவான தீர்மானங்களை நான் கேட்டதில்லை.

இயக்குநர், சூப்பர்வைசர், இரண்டு இளம் குமாஸ்தாக்கள், நான் என்று ஐந்து பேர் போய்ச் சேர்ந்தோம். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் இயக்குநர் தயங்கினார். சேர்மன் வந்து பார்க்கக்கூடும், சப்பாத்தோடு இருப்பதுதான் மரியாதை என்று இழுத்தார். சேர்மன் வந்தால் அவரும் கழற்றலாம் என்று என் மனைவி ஆங்கிலத்தில் சொன்னாள். முதியோர் இல்லத்தில் மாலை வேலை செய்து பழகிய அவளுடைய ஆங்கிலம், பிடிவாதக்காரரைக் குளிக்க வைப்பதற்கென்றே உண்டானது. இயக்குநர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

முன்னறையில் சாப்பாட்டு மேசை சூப்பர்வைசருக்கு. தையல் மெஷின் மேசை ஒரு குமாஸ்தாவுக்கு. மற்றவனுக்கு, உடுப்பு அயர்ன் பண்ணும் பலகையை அவனுடைய உயரத்துக்குச் சரிசெய்து கொடுத்தோம். சுவரில் முருகன் வேலோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் நம்பரைத் திருப்பிவிட்டார்கள். அதோடு மணி அடிக்கத் தொடங்கியது. மேலே மூன்று பேர் தூங்குகிறார்கள் என்பதால் முதல் மணி முழுதாக அடித்து முடிப்பதற்குள் யாராவது பாய்ந்து எடுத்துவிடுவோம். பேசுவதும் கோயிலுக்குள் பேசுவதுபோல மெதுவாகத்தான். எங்களுக்கு எடுத்தவர்கள் எல்லாரும் இவ்வளவு கனிவாக ஒரு கம்பனி பேசியதே இல்லை என்று நெகிழ்ந்துபோனார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் சூப்பர்வைசர் பின்வளவில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். இயக்குநரும் குமாஸ்தாக்களும் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள், நான் மேலே குளியலறையில். தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிய மச்சான், கண்ணைக் கசக்கிக்கொண்டு, முன்னறையில் மணி அடித்த போனை எடுத்துவிட்டான். நான் ஓடி வந்தபோது இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று, யாரோ ஒருவரின் விலாசத்தைப் பத்திரிகை ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

"கென்ற்றிலை ஒரு அம்மா, அத்தான். கூரை பறந்துபோட்டுதாம். தனிய இருக்கிறா. இரவைக்கு எங்கை படுப்பியள் எண்டு கேட்டன், தெரியாதாம். பக்கத்திலை ஹோட்டல் ஒண்டிலை போய் நில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"ஹோட்டலுக்கு ஆர் காசு குடுக்கிறது?"

"ஏன், நீங்கள்தானே? அதுக்குத்தானே இன்சூரன்ஸ்?"

 கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிகரெட் நாற்றத்தோடு உள்ளே வந்து அந்த விலாசத்தைப் பார்த்தார். பொலிசிப்படி வீடு இருக்க முடியாமல் போனால் தங்குமிடச் செலவு கம்பனியைத்தான் சேரும்; அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆட்கள் தாங்களாகக் கேட்டால் ஒழிய நாங்கள் வாய் திறப்பதில்லை. மிகவும் நாகரிகமான மௌனம். அவர் அந்தக் கிளெய்மைப் பதிந்தார். அடுத்த மணி அடித்தபோது தானே எடுத்து, பெயரைக் கேட்ட கையோடு, இன்றிரவு தங்க இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

இயக்குநர் இதை அறிந்து பதறினார். இப்படியே கேட்டுக்கொண்டு போனால் பாதி கென்ற் மக்கள் ஹோட்டலில் இருப்பார்கள் என்றார். கூரை இல்லாதவர்கள் எங்கேதான் இருக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் நிதானமாக விசாரித்தார். அதற்கான விடை அநேகமாக அந்தச் சிவப்புத் திட்டத்தில் இருந்திருக்கும். அது தண்ணீருக்குள் இருந்தது.

எப்படியோ வேலை ஓடியது. அடுத்த நாளிலிருந்து என் மனைவியே சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல் என்று உறைப்பைக் குறைத்துச் சமைத்தாள். பலகைக் குமாஸ்தா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். இயக்குநருக்குத்தான் பெரிய கஷ்டம். அவருக்குக் கிளெய்ம் எழுதத் தெரியாது; ஒன்றும் செய்யாமல் இருக்கவும் ஏலாது. எனவே நாங்கள் எப்படி மீண்டெழுகிறோம் என்று சேர்மனுக்கு அடிக்கடி அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. முன்னறை லைன் ஓயாமல் வேலையாக இருந்ததால் நடையில் இருந்த போன் அவருடைய கண்ணில் பட்டது. இரண்டு நிமிடம் மட்டும் என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் அரை மனதோடு தலையாட்டினாள். அடுத்த நாள் கேட்கவில்லை. மாடிப்படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, பேனாவால் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சேர்மனோடு பேசிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் இயக்குநர். ஆட்குறைப்பு வருமென்று எல்லாரும் பேசிக்கொண்ட காலம்.

அன்றைக்குத்தான் அடுத்த தெருவில் இருந்த மன்னார்ப் பெண் ஓடி வந்தாள். கத்தோலிக்கக் குடும்பம், எங்கள் வீட்டுக்கு வரும் செய்திக்கு அவர்கள் வீடும் ஒரு வாசல். எங்கள் லைன் கிடைக்காவிட்டால் எடுக்கச் சொல்லி அவர்களுடைய நம்பரையும் கொழும்பில் கொடுத்து வைத்திருந்தோம். அவர்களும் எங்கள் நம்பரை அப்படிக் கொடுத்து வைத்திருந்தார்கள். மழைக்குள் வீட்டுச் செருப்போடு நின்றாள்.

"அக்கா, லொட்ஜ்காரர் எங்களுக்கு எடுத்தவர். உங்கட லைன் எவ்வளவு நேரமா எங்கேஜாம். தம்பியின்ரை மனிசியை ரவுண்டப்பிலை பிடிச்சுக்கொண்டு போட்டாங்களாம். உடனை எடுக்கட்டாம்."

மனைவி மேலே ஓடினாள். மச்சான் இறங்கி வந்தான். படியில் உட்கார்ந்திருந்த இயக்குநரைத் தாண்டித்தான் போனுக்குப் போக முடியும். அவன் அவருக்கு முன்னால் நின்று, தன் பெற்றோல் ஸ்டேஷன் ஆங்கிலத்தில், போன் வேண்டும், அவசரம் என்றான். இயக்குநர் அவனைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம். அவன் பொறுத்தான். எங்கள் ஆட்களுக்கு அது ஒன்றுதான் நன்றாகப் பழக்கம். 

நான் முன்னறையிலிருந்து எழுந்து வருவதற்குள் சூப்பர்வைசர் என்னைக் கடந்து போய்விட்டார். மன்னார்ப் பெண்ணின் தமிழில் அவருக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் என் மனைவியின் முகத்தைப் பார்த்திருந்தார். குனிந்து, போனின் கொக்கியை விரலால் அழுத்தினார். லைன் அறுந்தது.

"சேர்மன் பேசிக்கொண்டிருந்தார்" என்றார் இயக்குநர். அவருக்கு நம்ப முடியவில்லை.

"சேர்மனுடைய கூரை பத்திரமாக இருக்கிறது. அந்த ரிசீவரை இவரிடம் கொடுங்கள்" என்றார் சூப்பர்வைசர்.

கொழும்பு லைன் கிடைப்பதற்கு நெடுநேரம் பிடித்தது. பொலிஸ் லொட்ஜைச் சுற்றிவளைத்து இளம் தமிழ் ஆட்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனதாகவும், எந்த ஸ்டேஷன் என்று தெரியவில்லை என்றும் லொட்ஜ்காரர் சொன்னார். ஒரு சட்டத்தரணியின் நம்பரும் கொடுத்தார். அந்த நம்பரை மச்சான் இரண்டு தரம் பிழையாகச் சுற்றினான். மூன்றாம் தரம் நான் சுற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அந்தப் போனை யாரும் தொடவில்லை. இயக்குநர் தமது அறிக்கைகளைத் தெருமுனை டெலிபோன் பெட்டியிலிருந்து, மழைக்குள், வரிசையில் நின்று கொடுத்தார். தனிப்பட்ட நிலைமை எதுவும் தமக்கு அறிவிக்கப்படவில்லை என்று என்னிடம் சொன்னார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மச்சானின் ஷிப்டை நண்பர்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவன் மேலே படுப்பதும் இறங்கி வருவதுமாக இருந்தான். சூப்பர்வைசர் தன் கதிரையை முன்னறைக் கதவடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு காது கென்ற்றின் கூரைகளுக்கு, மறு காது நடைக்கு.  என் மனைவி தேநீரை இயக்குநருக்குக் கொடுப்பதற்கு முதலே அவருக்குக் கொடுப்பாள். பதவி ஒழுங்கு அத்தோடு மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நடைப் போன் அடித்தது. சூப்பர்வைசர்தான் எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், அழுதுகொண்டு, தமிழில். அதில் மச்சானின் பெயர் மட்டும் அவருக்கு விளங்கியது. "பொறம்மா, பொறு" என்று, ஒரு கிழமை எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பிடித்த தமிழில் சொல்லிவிட்டு, மாடிப்படியில் ஏறிப்போய் அவனுடைய கதவைத் தட்டினார். அவன் இறங்கிய வேகத்தில் கடைசிப் படிகளில் சறுக்கி விழுந்துதான் ரிசீவரைப் பிடித்தான்.

விட்டுவிட்டார்கள். ஒரு கொட்டகைக்குள் வைத்திருந்தார்களாம், அடிக்கவில்லையாம், பசிக்கிறதாம். அவன் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான். முன்னறையில் மற்ற போன் அடித்துக்கொண்டே கிடந்தது. அந்தக் கிழமையிலேயே முதல் தடவையாக அதை எடுக்க யாரும் பாயவில்லை. சூப்பர்வைசர் பின்வளவுக்குப் போய் வெகுநேரம் நின்றார். சிகரெட் பற்றவைத்ததாகத் தெரியவில்லை.

கட்டடம் காய்ந்து நாங்கள் திரும்பிப் போன பிறகு இயக்குநர் ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அதை வாசித்தபோதுதான் எங்கள் முன்னறையில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியவந்தது. வாடிக்கையாளரின் அழைப்பை முதல் மணிக்குள் எடுக்கும் புதிய பண்பாட்டை அவர் வளர்த்தாராம். மேலே தூங்கியவர்களைக் காணவில்லை. இன்றிரவு தங்க இடம் இருக்கிறதா என்று கேட்பது அவருடைய கருணை முயற்சியாம். முக்கிய செய்திகள் ஒரு வழியை மட்டும் நம்பியிருக்கக்கூடாது, மாற்று நம்பர்களைக் கொடுத்து வைக்க வேண்டும் என்றும் ஒரு பந்தி. மன்னார்ப் பெண்ணின் வீட்டுச் செருப்பு அங்கே எழுத்தில் ஏறியிருந்தது. பளபளப்பான தாளில் புத்தகமாகவும் அச்சடித்தார்கள். அதற்குப் படம் வேண்டியிருந்தது. எங்கள் வீடு சரிவராது என்று யாரோ ஒருவரின் விசாலமான அறையில் எடுத்தார்கள். படத்தில் எல்லாரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள்.

சேர்மன் விருந்து வைத்துப் பேசினார். எனக்கு என் பெயர் பொறித்த ஒரு கண்ணாடிக் கட்டி கிடைத்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. எங்கள் பெயர்களுக்கு அது குறைவுதான். மனைவிக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். நடைக் கம்பளத்தைக் கழுவித் தந்திருக்கலாம் என்றாள்.

வசந்த காலத்தில் ஆட்குறைப்பு வந்தது. காரணம் எளிமையானது. ஒரு முழுத் தளத்தில், அத்தனை பேரை வைத்துச் செய்த வேலையை, புயல் அடித்த கிழமையிலேயே ஐந்து பேர் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்து செய்துகாட்டிவிட்டார்கள் அல்லவா? ஐந்து பேர் என்று எண்ணியபோது இயக்குநர் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அப்படியானால் மற்றவர்கள் எதற்கு? நாங்கள் அவ்வளவு திறமாக மீண்டெழுந்திருக்கக் கூடாது. சூப்பர்வைசரை முதல் தொகுதியிலேயே அனுப்பினார்கள். சேர்மனுடைய போனை வெட்டியதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நாங்கள் கேட்காமலே இயக்குநர் எங்களுக்கு உறுதி சொன்னார். என்னை இரண்டாவது தொகுதியில் அனுப்பினார்கள். கடைசி நாளில் கைகொடுத்து, உங்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே, சமாளித்துக்கொள்வீர்கள் என்றார். அதைப் பாராட்டாகவே சொன்னார். அந்தக் கையை உதறிவிட்டு வந்திருக்கலாம் என்று ரயிலில் நினைத்தேன். ரயிலில் எனக்கு எப்போதும் தைரியம் அதிகம்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் அன்று பின்னேரமே தன் முதியோர் இல்லத்தில் கூடுதல் ஷிப்ட் கேட்டுப் போனாள். எனக்குச் சில மாதம், வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பெனிபிட். பிறகு ஒரு கவுன்சிலின் வீட்டு வாடகை உதவிப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கேயும் மறுப்பதுதான் தொழில். ஆனால் அனுபவம் கைகொடுத்தது. எங்கள் கம்பனியை இன்னொரு பெரிய கம்பனி விழுங்கியது. இயக்குநர் அதற்கு முன்பே கிளம்பி, மற்றக் கம்பனிகளுக்கு மீண்டெழுவது பற்றி வகுப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டேன்.

மச்சானின் மனைவி எத்தனையோ நாடுகளில் இறங்கி ஏறி அடுத்த வருடக் கடைசியில் வந்து சேர்ந்தாள். இருவரும் அப்டன் பார்க்கில் கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறை எடுத்தார்கள். மகள் பிறந்து முதல் பிறந்தநாளுக்கு மச்சான் சூப்பர்வைசரையும் அழைத்திருந்தான். அவர் வந்தார், வாசலில் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு. மச்சானின் மனைவி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த ரோல்ஸை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் எனக்கு ஒரு செய்தி சொன்னார். புதிய கம்பனி அவரைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டதாம். ஆட்கள் போதவில்லை, போன் எடுக்க நேரமாகிறது, வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்களாம். தான் இப்போது ஒரு மிருக வைத்தியரிடம் வரவேற்பில் இருப்பதாகவும், அங்கே கடிப்பவை வெளிப்படையாகவே கடிப்பதால் வசதி என்றும் சொல்லிவிட்டாராம்.

"போயிருக்கலாமே" என்றேன்.

"உன்னையும் வரச் சொல்லிக் கேட்கச் சொன்னார்கள். நம்பர் தெரியாது என்று சொல்லிவிட்டேன்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. கவுன்சில் சம்பளம் அதைவிடக் குறைவு. ஆனால் அதற்குள், இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வந்து, தாய்க்குக் கொண்டுபோகச் சொல்லி, உறைப்புக் குறைத்து வேறாகச் சுட்ட ரோல்ஸை வெள்ளித்தாளில் சுற்றி அவருடைய பையில் வைத்தாள். மேலே இன்னும் இரண்டு வைத்து அமுக்கினாள்.